ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி முறைக்கு எந்திரிக்கிறவனால காலைல ஆறு மணிக்கு புக்கை தொறக்க முடியல, ஏன்?

வெண்ணாற்றங்கரை | ஜூன் 21, இரவு 11:48

வணக்கம்ங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போய்க்கிட்டிருந்தேன், இன்னைக்குத்தான் மொத தடவையா எழுதுறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்குங்க. பாபநாசம் பக்கம் கிராமம். மெக்கானிக்கல் முடிச்சு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனில நாலு வருஷம் ஓட்டுனேன், ஆள் கொறச்சப்போ நானும் வெளில வந்துட்டேன், அப்பாவுக்கும் முட்டி வலி, சரின்னு ஊரோட வந்து பத்து மா நெலத்தை பாத்துக்கிட்டே குரூப் 4-க்கு படிக்கிறேன். படிக்கிறேன்னு சொல்றதுதான் பொய்.

இதுவரைக்கும் பதினோரு டைம்டேபிள் போட்டிருக்கேன். கலர் ஸ்கெட்ச்ல கட்டம் கட்டி செவுத்துல ஒட்டுறது வரைக்கும் எல்லாம் பிரமாதமாத்தான் இருக்கும், சராசரியா நாலு நாள் தாங்கும். ஒண்ணு பொங்கலுக்கு ஆரம்பிச்சு மாட்டுப்பொங்கலோட முடிஞ்சிது. போன்தான் எதிரின்னு அதை அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடி வச்சேன், அம்மா ஒலை வச்சுட்டு அரிசி அள்ள கைய விட்ட நேரம் பாத்து உள்ள ரிங் அடிச்சுது, அவங்க பயந்து படியோட அரிசியை அடுப்படி பூரா எறச்சு, அன்னைக்கு எங்க வீட்ல நடந்ததை எழுதவேணாம், அந்த முயற்சியும் அதோட போச்சு.

இப்ப என் கேள்வி இதாங்க. இந்த வருஷம் மேட்டூர் 12-ந்தேதியே தொறந்து, தண்ணி கல்லணைக்கு வந்து, எங்க வாய்க்காலுக்கு இந்த வாரந்தான் எட்டிப்பாத்துச்சு. முந்தாநாள் எனக்கு முறை ராத்திரி ரெண்டு மணி. அலாரமே வைக்கல, ஒன்றரைக்கு தானா முழிப்பு வந்துடுச்சு. மம்பட்டியும் டார்ச்சும் எடுத்துக்கிட்டு போய் மடையை தொறந்து, வரப்புல ரெண்டு நண்டு வளை ஒழுகிக்கிட்டிருந்துச்சு அதை மிதிச்சு அடைச்சு, நாலரை வரைக்கும் கொசுக்கடில நின்னேன். ரெண்டு வருஷத்துல ஒரு முறை கூட தவறவிட்டதில்ல. அதே ஆள்தான் ஆறு மணிக்கு ஏழாவது சமூக அறிவியலை தொறக்கமுடியாம போர்வைக்குள்ள கெடக்குறேன். என்னை சோம்பேறின்னு சொல்லிட்டா கதை முடிஞ்சிது, ஆனா சோம்பேறின்னா ரெண்டு மணிக்கு வயலுக்கு போறவன் யாருங்க?

மாயூரம்_மைனர் | ஜூன் 22, காலை 6:10

21 நாள் நண்பா. பல்லை கடிச்சுக்கிட்டு 21 நாள் விடாம செஞ்சா எதுவுமே பழக்கமாயிடும், மூளை அப்படித்தான் வேலை செய்யுது. உனக்கு நாலாவது நாள் விழுதுன்னா மன உறுதி பத்தல, அவ்வளவுதான்.

சீசன்டிக்கெட் | ஜூன் 22, காலை 8:35

மைனர், அந்த 21 நாள் கணக்கு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு அமெரிக்காவுல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மூக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு கண்ணாடில தன் புது மூஞ்சி பழகுறதுக்கே கொறஞ்சது 21 நாள் ஆவுதுன்னு 1960-ல எழுதுனாரு. கொறஞ்சதுங்கிற வார்த்தையை நடுவுல யாரோ முழுங்கிட்டாங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வச்சு நெஜமாவே பாத்தாங்க, 2010-ல வந்த ஆராய்ச்சி, ஒரு சின்ன பழக்கம் தானா வர்றதுக்கு சராசரியா 66 நாள், ஆளுக்கு ஆள் 18-லேர்ந்து 254 வரைக்கும் போவுது. அதுல எனக்கு புடிச்ச விஷயம் வேற, நடுவுல ஒரு நாள் விட்டுட்டா பெருசா ஒண்ணும் கெட்டுப்போவலங்கிறது. நாலாவது நாள் விழுறது பிரச்சனை இல்ல, விழுந்தவொடனே பன்னெண்டாவது டைம்டேபிளுக்கு ஸ்கெட்ச் வாங்க போறோமே அதான் பிரச்சனை.

என் கதைய சொல்றேன். பேங்க் வேலை, பாபநாசத்துலேர்ந்து திருச்சிக்கு டெய்லி ரயில், ஒன்பது வருஷமா. பிரமோஷனுக்கு ஜேஏஐஐபின்னு ஒரு பேங்க் பரிட்சை முடிக்கணும், ரெண்டு தடவை ஊத்திக்கிச்சு, வீட்ல உக்காந்து படிக்கலாம்னா புள்ளைங்க தோள்ல ஏறுது. அப்பறம் ஒரே ஒரு விதி வச்சேன். பண்டாரவாடை, அய்யம்பேட்டை, பசுபதிகோவில் வரைக்கும் பேசிக்கலாம், சீட்டு கூட ஆடிக்கலாம், திட்டை வந்துட்டா புக்கு வெளில வரும், திருவெறும்பூர்ல உள்ள போவும். அவ்வளவுதான். எத்தனை மணி நேரம், எத்தனை பக்கம், ஒண்ணும் கெடையாது. மொத ஒரு மாசம் கூட வர்றவங்க கலெக்டர் கலெக்டர்னு கேலி பண்ணாங்க. ரெண்டாவது மாசம் நான் சீட்டுல அசந்துட்டா அவங்களே 'யோவ் திட்டை வந்துருச்சு'ன்னு எழுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. பாஸ் பண்ணேன். இன்னைக்கும் எங்கயாச்சும் போறப்போ திட்டை ஸ்டேஷன் போர்டை பாத்தா கை தானா பைக்குள்ள போவுது, வெக்கமாத்தான் இருக்கு.

பழைய_வாத்தியார் | ஜூன் 22, மாலை 5:20

தம்பி வெண்ணாறு, உங்க கேள்வியிலயே பதில் கெடக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க போகலேன்னா என்ன ஆகும்? மேலக்கட்டுக்காரன் மடையை அவன் பக்கம் திருப்பிக்குவான், அடுத்த முறை நாலு நாளோ அஞ்சு நாளோ கழிச்சு, நாத்து வாடும், காலைல டீக்கடைல நாலு பேர் கேப்பாங்க. ஆறு மணிக்கு புக்கை தொறக்கலேன்னா? ஒண்ணும் ஆகாது. ஒரு ஈ காக்கா கேக்காது. உங்ககிட்ட கட்டுப்பாடு இல்லாம இல்ல, வயலுக்கு முறை இருக்கு, படிப்புக்கு முறை இல்ல. திட்டைல எழுப்புறதுக்கு அவருக்கு ஆள் இருந்த மாதிரி.

கும்பகோணம் காலேஜ்ல உ.வே.சா. 1880-ல வேலைக்கு சேந்தாரு, அதே வருஷம் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்வியில சீவக சிந்தாமணியை கையில எடுத்தவரு, 1887-லதான் அது அச்சாகி வந்துச்சு. ஏழு வருஷம். நடுவுல காலேஜ் வேலையும் விடல. தனி ஆளோட மன உறுதின்னுதான் எல்லாரும் பேசுவாங்க, நான் அதைவிட, கேட்டுக்கிட்டே இருக்க ஒருத்தர் இருந்தாருங்கிறதைத்தான் பெருசா நெனைக்கிறேன்.

மாயூரம்_மைனர் | ஜூன் 22, மாலை 6:02

அதே கும்பகோணம் காலேஜ்லதான் சார் ராமானுஜனுக்கு ஸ்காலர்ஷிப் போச்சு. கணக்கை தவிர மத்த பாடத்துல கோட்டை விட்டாரு. டைம்டேபிள் போட்டு எல்லா பாடமும் படிச்சிருந்தா பாஸ் பண்ணி எங்கயாச்சும் குமாஸ்தாவா ஒக்காந்திருப்பாரு.

பழைய_வாத்தியார் | ஜூன் 22, மாலை 6:15

அவரு குமாஸ்தாவாவும்தான் இருந்தாரு மைனர், மெட்ராஸ் துறைமுகத்துல. உங்களுக்கும் வெண்ணாறுக்கும் கணக்கு அவர் அளவுக்கு வந்தா நீங்களும் மத்த பாடத்தை விட்டுடலாம், நான் எதுவும் சொல்லமாட்டேன் 🙂

கடைமடைக்காரன் | ஜூன் 22, இரவு 9:50

எல்லாரும் மேல உக்காந்துக்கிட்டு பேசுறீங்க, கோச்சுக்காதீங்க. நான் பேராவூரணி பக்கம், புது ஆத்து கடைமடை, தண்ணி கடைசியா வந்து சேர்ற எடம். 2012-லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம், ஒரு வருஷம் கூட ஜூன் 12-ல மேட்டூர் தொறக்கல. 2024-ல ஜூலை 28. தொறந்தாலும் எங்க வாய்க்காலுக்கு வர்றப்போ அது தண்ணியா இருக்காது, ஈரமாத்தான் இருக்கும். ஒழுங்கா வாய்க்கால் வெட்டி நாத்து விட்டு காத்திருந்தவன் நாத்தை மாட்டுக்கு அறுத்து போட்டான், எதுவும் செய்யாம கட்டட வேலைக்கு போனவன் கையில காசு இருந்துச்சு. இதுல யாருக்குய்யா சுய கட்டுப்பாடு ஜாஸ்தி?

சின்ன புள்ளைங்க முன்னாடி ஒரு மிட்டாயை வச்சு, கால் மணி நேரம் பொறுத்தா ரெண்டு தர்றேன்னு சொல்ற பரிசோதனை எல்லாருக்கும் தெரியும், பொறுத்த புள்ளை வாழ்க்கைல முன்னேறும்னு மேடைக்கு மேடை சொல்றாங்க. 2013-ல அமெரிக்காவுல ராச்செஸ்டர் யுனிவர்சிட்டில அதையே கொஞ்சம் மாத்தி செஞ்சாங்க. 28 புள்ளைங்க. அதுல பாதி பேருக்கு மொதல்ல நல்ல கலர் பென்சில் கொண்டாறேன் ஸ்டிக்கர் கொண்டாறேன்னு சொல்லிட்டு கைய விரிச்சுட்டாங்க, மீதி பேருக்கு சொன்னபடி குடுத்தாங்க. அதுக்கப்பறம் மிட்டாய். சொன்னபடி கெடச்ச புள்ளைங்க சராசரியா 12 நிமிஷம் பொறுத்துச்சு, ஏமாந்ததுங்க 3 நிமிஷம். ஏமாந்த புள்ளைக்கு கட்டுப்பாடு இல்லேன்னா சொல்லுவீங்க? அதுக்கு புத்தி இருக்கு, தண்ணி வராதுன்னு தெரிஞ்சுபோச்சு.

தம்பிய நான் ஒண்ணும் சொல்லல. நாலு வருஷம் ஒழுங்கா வேலை பாத்தவனை கம்பெனி வெளில அனுப்பிச்சுது, பரிட்சை எப்ப வரும் எத்தனை போஸ்ட்டுன்னு தெரியாம படிக்கிறான், போர்வைக்குள்ள கெடக்காம என்ன செய்வான்?

வெண்ணாற்றங்கரை | ஜூன் 22, இரவு 10:31

அண்ணே, கடைசி வரிய நாலு தடவை படிச்சேன். அம்மாகிட்டயும் படிச்சு காமிச்சேன். 'அதுக்காக கெடந்துக்கிட்டே இருப்பியா'ன்னு கேட்டாங்க.

சீவாளி | ஜூன் 23, அதிகாலை 4:55

நான் நாயனக்காரன்ங்க, மன்னார்குடி பக்கம். படிப்பு பத்தி எனக்கு தெரியாது, சாதகம் பத்தி தெரியும். ஒம்போது வயசுல என் வாத்தியார்ட்ட விட்டாங்க, காலைல நாலு மணி, எழுப்புறதுக்கு ஒரே முறைதான், செம்புத் தண்ணி. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், மூணு காலத்துல. எட்டு மாசம் வேற எதுவும் சொல்லித்தரல. ஓடிப்போய் நீடாமங்கலம் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தேன், ரெண்டு தடவை.

இதை பெருமைக்கு சொல்லல, எதுக்கு சொல்றேன்னா அப்படி முப்பது வருஷம் ஊறுனது அஞ்சு மாசத்துல போச்சு. 2020-ல முகூர்த்தமும் இல்ல கோயில் திருவிழாவும் இல்ல, வருமானமும் இல்ல, யாருக்கு ஊதுறதுன்னு வாத்தியத்தை உறைக்குள்ள போட்டு பரண்ல வச்சுட்டேன். அப்பறம் ஒரு சின்ன கோயில் கும்பாபிஷேகத்துக்கு கூப்புட்டாங்க. நரசிங்கம்பேட்டை நாயனம் அது, எங்கப்பா காலத்து பாரி, நீளமான ரகம், எடுத்து வாயில வைக்கிறேன், ஒதடு நடுங்குது. மேல் ஷட்ஜம் எட்டல. காத்துதான் வருது, புஸ்ஸுன்னு. தவில்காரர் என்னை பாக்காம வேற பக்கம் பாத்துக்கிட்டு வாசிச்சாரு பாருங்க, அந்த மரியாதைதான் ரொம்ப வலிச்சுது.

மறுநாளே மூணு மணி நேரம் உக்காந்தேன், ஒதடு வெடிச்சு ரெண்டு நாள் சோறு திங்க முடியல. அப்பறம் ஒரு பெரியவர் சொன்னாரு, ராகத்தை பத்தியே நெனைக்காத, பத்து நிமிஷம் கார்வை மட்டும் புடி, ஒரே ஸ்வரம், மூச்சு இருக்குற வரைக்கும் நீட்டமா, அதுக்கு மேல ஊதக்கூடாது. ஊதக்கூடாதுங்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு. சீவாளிய, அதான் வாயில வச்சு ஊதுற நாணல் துண்டை, தண்ணில நனச்சு பதம் பாக்கவே அஞ்சு நிமிஷம் ஆவும், அந்த அஞ்சு நிமிஷம் தாண்டிட்டா பத்து நிமிஷம் ஒண்ணுமே இல்ல. ஒரு மாசத்துல சுருதி நின்னுச்சு, மேல் ஷட்ஜம் வர மூணு மாசம்.

தம்பி நீங்க அஞ்சு மணி நேரம் படிக்கிறதா டைம்டேபிள் போட்டிருப்பீங்க, ஒதடு வெடிச்சிருக்கும்.

ரெண்டாங்கட்டு | ஜூன் 23, மதியம் 2:40

நாகப்பட்டினத்துலேர்ந்து எழுதுறேன். இதுவரைக்கும் எழுதுனவங்க யாருக்கும் காலைல காபி போடுற வேலை இல்லேன்னு நெனைக்கிறேன் 😄 திட்டைக்கும் திருவெறும்பூருக்கும் நடுவுல அந்த சாருக்கு யாரும் 'என் சாக்ஸ் எங்க'ன்னு கேக்கமாட்டாங்கல்ல.

நான் வீட்ல பிளவுஸ் தைக்கிறேன், ஆரி ஒர்க் கத்துக்கிட்டு தனியா கடை போடணும்னு மூணு வருஷமா ஆசை. காலைல நாலரை மணிக்கு எந்திரிங்க அதுதான் வெற்றியாளர் நேரம்னு வீடியோல சொல்றாங்க, நான் இருபது வருஷமா நாலரைக்குத்தான் எந்திரிக்கிறேன், அந்த நேரம் யாருக்கோ போயிடுது. எனக்குன்னு உள்ளது மதியம் ரெண்டரைலேர்ந்து மூணு, மாமியார் படுத்துட்டாங்கன்னா. அதுலயும் கேஸ்காரர் வருவாரு, பக்கத்து வீட்டு அக்கா பேச வருவாங்க. எனக்கு மன உறுதி நெறையவே இருக்குங்க, அதை வச்சுக்கத்தான் எடம் இல்ல.

கடைமடை அண்ணன் சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்கமாட்டேன். தண்ணி வராதுன்னு தெரிஞ்சு விட்டுட்டேன்னு சொல்றது நல்லாத்தான் இருக்கு, ஆனா கஜா புயல்ல உங்க பக்கம் தென்னை மொத்தமும் சாஞ்சுச்சே, நீங்க மறுபடி நடலையா?

கடைமடைக்காரன் | ஜூன் 23, இரவு 8:15

நட்டேன்ம்மா. 2018 நவம்பர் 16, விடியறப்போ பாத்தா 140 மரம் தரையில, எங்க தாத்தா வச்சது. ஒரு வருஷம் கொல்லைப்பக்கமே போவல. அப்பறம் 60 கன்னு வச்சேன், மூணடிக்கு மூணடி குழி, ரெண்டு வருஷம் குடத்துல தூக்கித்தான் ஊத்துனேன். ஏன் வச்சேன்னா பெரிய காரணம்லாம் கெடையாது, பின்வாசலை தொறந்தா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மொட்டையா தெரிஞ்சுது, பாக்க புடிக்கல. குட்டை ரகம், நாலாவது வருஷம் பாளை வந்துச்சு, நெட்டை இன்னும் சும்மா நிக்குது. நான் சொன்னதுக்கு நானே எதிரா இருக்கேன், சரி விடு.

துபாய்_கூத்தாநல்லூர் | ஜூன் 24, இரவு 12:20

நம்ம ஊர் ஆளுங்களுக்கு இதுக்கு வழி எப்பவோ தெரியும், சீட்டு. எனக்கு காசு கையில நிக்காது, பேங்க்ல போட்டா கார்டு இருக்கு, எடுத்துடுவேன். எங்க லாத்தா, அதான் அக்கா, ஊர்ல சீட்டு புடிக்கிறாங்க, 20 பேரு, மாசம் 5000, ஒரு லட்சம் சீட்டு. மொத சீட்டுல மூணாவது மாசமே தள்ளி எடுத்து போன் வாங்குனேன், மீதி 17 மாசம் கட்டுனப்போ வயிறு எரிஞ்சுது. அடுத்த சீட்டுல லாத்தாகிட்ட தெளிவா சொல்லிட்டேன், நான் அழுதாலும் கடைசி மாசம்தான் குடுக்கணும். ரெண்டு தடவை அழுதேன், குடுக்கல. இப்ப வீட்டுக்கு மேல்தளம் போட்டாச்சு. தெரிஞ்ச குடும்பத்து சீட்டை மட்டும் சொல்றேன், ஊர் பேர் தெரியாத சீட்டுல போய் விழுந்துட்டு என்னை திட்டாதீங்க. ஒழுங்கா இருக்குறப்போ சாவிய வேற ஆள்ட்ட குடுத்துடணும், நல்ல புத்தி வந்தப்பறம் திருப்பி கேட்டாலும் தரக்கூடாது.

மாயூரம்_மைனர் | ஜூன் 24, காலை 7:00

இவ்வளவும் படிச்சதுல எனக்கே ஜிம் பீஸ் ஞாபகம் வந்துடுச்சு. ஏப்ரல்ல கட்டுனது. போனது நாலு நாள்.

சீசன்டிக்கெட் | ஜூன் 24, காலை 8:40

மன உறுதி பத்தல மைனர் 😂

வெண்ணாற்றங்கரை | ஜூலை 18, இரவு 10:05

இழையை மேல தூக்குறதுக்கு மன்னிக்கவும். செவுத்துல ஒட்டுனதை கிழிச்சுட்டேன். எங்க தெருவுல இன்னொருத்தன் குரூப் 4-க்கு படிக்கிறான், பள்ளிக்கூடத்துலேர்ந்து எனக்கும் அவனுக்கும் ஆவாது, அதனாலயே அவனைத்தான் கேட்டேன், சிநேகிதன்னா விட்டுக்குடுத்துடுவான். காலைல ஆறேகாலுக்கு வாய்க்கால் பாலத்துகிட்ட உள்ள டீக்கடை. ஆளுக்கு பத்து கேள்வி எழுதிக்கிட்டு வரணும், மாத்திக்கணும், லேட்டா வர்றவன் டீ காசு. எவ்வளவு நேரம் படிச்சேன்னு யாரும் கேக்கக்கூடாது, பத்து கேள்வி இருக்கா இல்லையா அவ்வளவுதான். பரிட்சைல 200 கேள்வி, அதுல 100 தமிழ், அதனால அஞ்சு தமிழ் அஞ்சு பொது அறிவு.

பத்து கேள்வி எழுதணும்னா ஒரு பாடத்தையாச்சும் படிச்சாகணும், அது ராத்திரியே நடந்துடுது, அதுவும் அவனால பதில் சொல்ல முடியாத கேள்வியா இருக்கணும்னு வெறில ஆறாவதுலேர்ந்து அடிக்குறிப்பு வரைக்கும் தோண்டுறேன். 24 நாள்ல 17 நாள் போயிருக்கேன். நாலு நாள் நடவு, ரெண்டு நாள் காய்ச்சல், ஒரு நாள் சும்மாவே போவல, காரணம் ஒண்ணும் இல்ல. மறுநாள் போனேன். முன்னாடியா இருந்தா பன்னெண்டாவது டைம்டேபிள் போட்டிருப்பேன்.

கடைமடை அண்ணே, போஸ்ட் எத்தனை வரும்னு எனக்கு இப்பவும் தெரியாது.

கடைமடைக்காரன் | ஜூலை 18, இரவு 10:40

தெரியாமத்தான் இருக்கும். எனக்கு இன்னும் தண்ணி வரல. போர் போட்டு நாத்து விட்டுருக்கேன்.

ரெண்டாங்கட்டு | ஜூலை 19, மதியம் 2:35

தம்பி, எனக்கு டீக்கடைக்கு வரமுடியாது. தினம் மதியம் ரெண்டரைக்கு ஆரி ஒர்க் எவ்வளவு போட்டேன்னு இங்க ஒரு போட்டோ போடவா? யாராச்சும் ஒருத்தர் 'இன்னைக்கு காணும்'னு கேட்டா போதும். கேஸ்காரர்கிட்ட மூணு மணிக்கு மேல வரச்சொல்லியாச்சு. பக்கத்து வீட்டு அக்காவைத்தான் எப்படி சொல்றதுன்னு தெரியல.

சீவாளி | ஜூலை 19, மாலை 4:10

போடுங்கம்மா, நான் கேக்குறேன். அந்த அக்காவையும் ஒரு ஊசிய குடுத்து உக்கார வச்சுடுங்க.

வெண்ணாற்றங்கரை | ஜூலை 19, இரவு 9:30

நானும் கேக்குறேன்க்கா. நாளைக்கு மட்டும் நான் டீக்கடைக்கு இல்ல, நாலு மணிக்கு எனக்கு தண்ணி முறை, முடிய ஏழாவும். அவன்ட்ட சொன்னேன். 'அப்ப டீ உன் கணக்கு, கேள்விய வரப்புலேர்ந்து போன்ல அனுப்பு'ங்கிறான். இன்னும் மூணு கேள்வி பாக்கி இருக்கு, எழுதிட்டு படுக்குறேன்.